ஆம்பூரிலிருந்து ஜித்தா: வானத்துத் தூரமும் வழியில் ஆகும் நேரமும்



"சென்னையிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம் பாய்? எத்தனை மணி நேரம் ஆகும்?" உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். நாங்களும் பல வருடங்களாக "ஆறு மணி நேரம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவந்தோம். அந்தப் பதில் தவறல்ல. ஆனால் அது பாதிப் பதில்தான் என்பதைச் சென்ற ஆண்டு ஒரு குடும்பம் எங்களுக்கு உணர்த்தியது. அவர்களின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் அதை இங்கே எழுதுகிறோம்.

முப்பது வருடம் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். மனைவிக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின். நேர் விமானத்தைவிட ஆளுக்கு ஏழாயிரம் ரூபாய் குறைவு என்று ஒரு டிக்கெட் எடுத்திருந்தார். சென்னையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து ஒரு வளைகுடா நகரம், அதன்பின் ஜித்தா. அதிகாலை 2 மணிக்குச் சென்னையில் ஏறி, இரவு 8.30 மணிக்கு ஜித்தாவில் இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தது. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று நாங்களே பார்த்துக் கொடுத்தோம். நேரத்தை யாரும் பார்க்கவில்லை.

வளைகுடா விமான நிலையத்தில் நம்மூர்க் கணக்குப்படி இரவு எட்டு மணி ஆனதும், சாப்பாடு விமானத்தில் வந்துவிடும் என்று நம்பி அந்தத் தாயார் ஊசி போட்டுக்கொண்டார். விமானம் ஒரு மணி நேரம் தாமதம். சாப்பாடு வர அதற்கும் மேலே ஒரு மணி நேரம். சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார். பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் பழச்சாறு கொடுத்துத் தேற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், நலமாக ஊர் திரும்பினார். பெரியவரின் இஹ்ராம் துணியோ சரக்கில் போட்ட பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. இஹ்ராம் இல்லாமலேயே மீகாத் எல்லையைக் கடந்துவிட்டார். ஆலிமிடம் கேட்டு, அதற்கான பரிகாரமாகத் தம் கொடுக்க வேண்டி வந்தது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று.

தூரம் என்பது ஒன்று, பறக்கும் நேரம் என்பது வேறு, பயண நேரம் என்பது இன்னொன்று. மூன்றையும் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தச் சிரமங்களில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். எனவே இந்த இதழில் அதை விளக்க முற்படுகிறோம்.

தூரம் எப்படி அளக்கப்படுகிறது?

சாலைத் தூரத்தை வண்டி மீட்டர் காட்டிவிடும். வான்தூரத்தை அளக்கும் முறை வேறு. பூமி உருண்டை. பள்ளிக்கூடத்தில் இருக்கும் உலக உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் ஒரு முனையையும் ஜித்தாவில் மறுமுனையையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் படியும் கோடுதான் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் அதையே வரைந்தால் சற்று வடக்கே வளைந்த கோடாகத் தெரியும். சென்னையிலிருந்து புறப்படும் அந்தக் கோடு கர்நாடகத்தைக் கடந்து, கோவாவுக்கு அருகே அரபிக்கடலில் இறங்கி, ஓமன் வழியாக சவூதியின் பெரும் பாலைவனத்தைத் தாண்டி, தாயிஃப் பக்கமாக ஜித்தாவை அடைகிறது.

அப்படி அளந்தால் வரும் தூரங்களை முழுமையாக்கித் தருகிறோம்:

சென்னை – ஜித்தா: சுமார் 4,450 கி.மீ.
சென்னை – மதீனா: சுமார் 4,430 கி.மீ.
சென்னை – ரியாத்: சுமார் 3,750 கி.மீ.
சென்னை – துபாய்: சுமார் 2,930 கி.மீ.
பெங்களூரு – ஜித்தா: சுமார் 4,180 கி.மீ.
கொச்சி – ஜித்தா: சுமார் 4,170 கி.மீ.

விமானங்கள் இந்த நூல் கோட்டிலேயே அப்படியே போவதில்லை. வகுக்கப்பட்ட வான்வழிகளில்தான் செல்ல வேண்டும். புயல் மேகங்களையும் மூடப்பட்ட வான்பகுதிகளையும் சுற்றிப் போக வேண்டும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் மேலே ஏறி நிலைப்பட்டபின் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் செல்லும். 4,450-ஐ 850-ஆல் வகுத்தால் ஐந்தேகால் மணி நேரம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக உயரம் ஏறுவது, இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைத்து முறை வரும்வரை சுற்றுவது, இறங்கியபின் வாசலுக்கு வந்து சேர்வது எல்லாம் சேர்த்தால் அரை மணி முதல் முக்கால் மணி கூடும். அதனால்தான் ஏறத்தாழ ஆறு மணி நேரம் என்கிறார்கள்.

திரும்பி வரும்போது இதே தூரம் பெரும்பாலும் ஐந்தேகால், ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. "பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும்போதுதானே சீக்கிரம் சேர வேண்டும்?" என்று நம் மாலை வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பூமியோடு சேர்ந்து அதைச் சூழ்ந்த காற்றும் சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஆகவே பூமி சுற்றுவதால் நேரம் மிச்சமாவதில்லை. வித்தியாசத்துக்குக் காரணம் உயரத்தில் வீசும் காற்று. குளிர்காலத்தில் அரபு நாட்டின் மேலேயும் வட இந்தியாவின் மேலேயும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று; வரும்போது பின்னிருந்து தள்ளும் காற்று. மணிக்கு 50 கி.மீ. காற்று எதிர்த்தால் 850 என்பது 800 ஆகிறது; தள்ளிவிட்டால் 900 ஆகிறது. இந்தத் தூரத்தில் அதனால் மட்டும் முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை வேறு. தரைக்கு அருகே தென்மேற்குப் பருவக்காற்று வீசினாலும், பன்னிரண்டு கி.மீ.க்கும் மேலான உயரத்தில் தென்னிந்தியாவின் மீது கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடுகிறது. இந்திய வானிலைத் துறை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னார். அந்த மாதங்களில் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி குறைகிறது.

டிக்கெட்டில் இருப்பது எந்த ஊர் மணி?

டிக்கெட்டில் அச்சிடும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால்; துபாய் நேரம் ஒன்றரை மணி பின்னால். காலை 10 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு 1.30 மணிக்கு ஜித்தாவில் இறங்குவதாக இருந்தால், மூன்றரை மணி நேரப் பயணம் என்று நினைக்கக் கூடாது. இரண்டரையைக் கூட்டுங்கள்: ஆறு மணி நேரம். திரும்பும்போது மாலை 3 மணிக்குப் புறப்பட்டு இரவு 10.45-க்குச் சென்னை என்றிருந்தால் ஏழே முக்கால் மணி நேரம் அல்ல. இரண்டரையைக் கழித்தால் ஐந்தேகால் மணி நேரம்.

போகும்போது கூட்ட வேண்டும், வரும்போது கழிக்க வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அந்தப் பெரியவரின் டிக்கெட்டை இப்படிக் கணக்குப் பார்த்தால், அதிகாலை 2 மணி முதல் இரவு 8.30 வரை பதினெட்டரை மணி நேரம். அதோடு இரண்டரை சேர்த்தால் 21 மணி நேரம். "ஆறு மணி நேரம்" என்று நாங்கள் சொன்னதற்கு மூன்றரை மடங்கு.

இடையில் இறங்கும் விமானங்கள்

சென்னையிலிருந்து துபாய் 2,930 கி.மீ., துபாயிலிருந்து ஜித்தா சுமார் 1,700 கி.மீ. சேர்த்தால் 4,630. நேர்வழியைவிட 180 கி.மீ.தான் அதிகம், வானத்தில் அது கால் மணி நேரம். ஆனால் இறங்கி, பரிசோதனை முடித்து, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியாகவும் இருக்கலாம், பன்னிரண்டு மணியாகவும் இருக்கலாம். கொழும்பு வழி என்றால் முதலில் சுமார் 680 கி.மீ. தெற்கே போய், பிறகு அங்கிருந்து 4,650 கி.மீ. மேற்கே போக வேண்டும்.

நம் ஊர்களில் ஏற்றுமதித் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்து எத்தனை கடல் மைல் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வழியில் எந்தத் துறைமுகத்தில் கப்பல் மாறுகிறது, அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்றுதான் கேட்கிறோம். ஷூ பெட்டிக்குக் கேட்கும் கேள்வியை நம் பெற்றோருக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

இன்னொரு விஷயம். இரண்டு விமானங்களும் ஒரே பதிவு எண்ணில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பதிவாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகள் என்றால் நஷ்டம் பயணியுடையது. பெட்டியையும் இடையில் நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தோஹா வழியாகப் போக வேண்டிய பயணிகள் பல ஊர்களில் காத்துக் கிடந்தார்கள். இத்தகைய நாட்களில் ஒரே பதிவு எண்ணின் அருமை தெரியும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

பயணம் ஓடுபாதையில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது. சாலை வழியே சென்னை விமான நிலையம் வேலூரிலிருந்து சுமார் 130 கி.மீ., ஆம்பூரிலிருந்து சுமார் 180, வாணியம்பாடியிலிருந்து சுமார் 200. ஆம்பூரிலிருந்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பள்ளிகொண்டா, வாலாஜா சுங்கச் சாவடிகள் வரை சீராகப் போகும் வண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. ஆனால் நள்ளிரவில் மெட்ரோ கிடையாது. அதிகாலை விமானத்துக்கு இந்த வழி எல்லா நேரமும் உதவாது.

பெங்களூரிலிருந்து வான்தூரம் 270 கி.மீ. குறைவு. ஆனால் அந்த விமான நிலையம் நகரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சென்னையே நல்லது. வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்தவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒசூர் முதல் பெங்களூர் நகரம் வரையிலான நெரிசலைக் கணக்கில் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

வான்தூரம் மட்டும் பயணம் அல்ல என்பதை 2022-ஆம் ஆண்டு நம் ஹாஜிகள் நேரிலேயே கண்டார்கள். அந்த ஆண்டு ஹஜ் விமானங்கள் புறப்படும் ஊர்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. சென்னை அதில் இல்லை. தமிழ்நாட்டு ஹாஜிகள் கொச்சியிலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. கொச்சி – ஜித்தா வான்தூரம் சென்னையைவிட 280 கி.மீ. குறைவு, இருபது நிமிட மிச்சம். ஆனால் ஆம்பூரிலிருந்து நெடும்பாசேரிக்குச் சாலையில் ஏறத்தாழ 500 கி.மீ. வயதானவர்கள் சேலம், கோவை, பாலக்காடு வழியாக ஒரு பகலும் இரவும் வண்டியில் உட்கார்ந்து போனார்கள். 2023-இல் சென்னைக்கு அந்த வசதி திரும்பக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நேர் விமானமாகவே வைத்துக்கொண்டு ஆம்பூர் வீட்டு வாசலிலிருந்து மக்கா தங்குமிடம் வரை கூட்டிப் பார்ப்போம். சாலை 4 மணி நேரம், விமான நிலையத்தில் 3, வானில் 6, ஜித்தாவில் குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் 2, ஜித்தாவிலிருந்து மக்காவுக்குப் பேருந்தில் ஏறத்தாழ 2. ஆக மொத்தம் 17 மணி நேரம். அந்தப் பெரியவர் சென்ற வழியில் இதே கணக்கு 32 மணி நேரம்.

நம் முன்னோர்கள் பம்பாய் போய்க் கப்பலேறி, ஒரு வாரத்துக்கும் மேல் கடலில் மிதந்து ஜித்தா சேர்ந்தார்கள். 1995-இல்தான் அந்தக் கப்பல் பயணம் நின்றது. அதை நினைத்தால் 17 மணி நேரம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் அவ்வளவு நாளாகும் என்று தெரிந்து, அதற்கேற்றபடி தயாராகிப் போனார்கள்.

மீகாத் எப்போது வரும்?

உம்ரா, ஹஜ் செய்வோர் மீகாத் எல்லையைக் கடப்பதற்குள் இஹ்ராமின் நிய்யத் செய்துவிட வேண்டும். கப்பலில் போன காலத்தில் நம் நாட்டவருக்கு யலம்லம் மீகாத்தாக இருந்தது. இன்று நம் விமானங்கள் கிழக்கிலிருந்து தரை மேலேயே வருவதால், தாயிஃபுக்கு அருகிலுள்ள கர்னுல் மனாஸில் எல்லையை வானிலேயே கடக்கின்றன. அது ஜித்தா விமான நிலையத்துக்குச் சுமார் 130 கி.மீ. முன்னால். இறங்கும் வேகத்தில் அது இருபது, முப்பது நிமிடத் தூரம்தான். விமானம் ஒரு நிமிடத்தில் பத்து கி.மீ.க்கு மேல் கடந்துவிடும். அறிவிப்பு வந்தபின் எழுந்து, கழிப்பறை வரிசையில் நின்று, உடை மாற்றலாம் என்று இருந்தால் எல்லை கடந்துபோகும். அறிவிப்பே வராமலும் போகலாம். தூக்கத்தில் காதில் விழாமலும் போகலாம்.

ஆகவே ஆண்கள் இஹ்ராம் துணியை வீட்டிலோ, விமான நிலையத்திலோ, இடையில் இறங்கும் ஊரிலோ உடுத்திக்கொண்டு ஏறுவதே நல்லது. நிய்யத்தையும் தல்பியாவையும் இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செய்துகொள்ளுங்கள். முதலில் மதீனாவில் இறங்குவோருக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணியலாம். ஜித்தாவையே எல்லையாகக் கொள்வது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

நோன்பும் சூரியனும்

ரமளானில் பயணம் செய்வோர் அடிக்கடி குழம்பும் இடம் இது. மேற்கே போகும் விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறது. ஆறு மணி நேரத்தில் சூரியன் வானில் 90 பாகை நகரும். அதற்குள் நாம் 41 பாகை மேற்கே போய்விடுகிறோம். அதனால் பகல் நீளும். சென்னையில் மஃரிபுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது விமானம் கிளம்பினால், வானில் சூரியன் மறைய ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஊர் மணியைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. நாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைவதையே பார்க்க வேண்டும் என்று ஆலிம்கள் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. இரவு சுருங்கிவிடும், பஜ்ரு சீக்கிரம் வரும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழா செய்யும் சலுகை இருக்கிறது. நோயாளிகள் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

மருந்து உட்கொள்வோருக்கு

இன்சுலினையும் தினசரி மருந்துகளையும் கைப்பையில் மட்டுமே வையுங்கள். சரக்கறையின் குளிரில் இன்சுலின் கெட்டுப்போகலாம். மருத்துவரின் சீட்டும் கூட இருக்கட்டும். பயணத்துக்கு முன், டிக்கெட்டைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எந்த மருந்து என்று எழுதி வாங்குங்கள். சாப்பாட்டோடு சேர்ந்த ஊசியைச் சாப்பாடு கைக்கு வந்தபின் போடுவதே பாதுகாப்பு. பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும். ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் காலில் இரத்தம் கட்டாது. சக்கர நாற்காலி தேவைப்படுவோர் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இனி எங்கள் பொறுப்பு

அந்தப் பெரியவர் ஊர் திரும்பியபின் எங்களைச் சந்திக்க வந்தார். ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். எங்களுக்குத்தான் அதை வாங்கக் கூச்சமாக இருந்தது. அன்று எடுத்த முடிவுப்படி, இப்போது டிக்கெட்டோடு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதிக் கொடுக்கிறோம்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மொத்தம் எத்தனை மணி நேரப் பயணம், எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மருந்து வேளைகள் நம் நேரத்திலும் அந்த ஊர் நேரத்திலும், நிய்யத் செய்ய வேண்டிய நேரம்.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே வாருங்கள். கட்டியபின் வந்தால் நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமே தவிர, மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருக்கிறோம். வர இயலாத முதியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் டிக்கெட்டின் நகலைக் கொடுத்தனுப்பினால் போதும்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் இலேசாக்கி, ஏற்றுக்கொள்ளப்பட்டவையாக ஆக்குவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
செயலாளர்